மிளகளவு ஓட்டை

“மணியை யாரு கீழ கொண்டு வாராங்களோ, அவங்க தலையிலதான் இந்த வருசம் பரிவட்டம்!”

கோயில் தர்மகர்த்தா ஆறுமுகப்பெருமாள் தன் வீட்டுக் கூடத்தில் நின்று இப்படிச் சொன்னதும், அவருடைய மூத்த மாப்பிள்ளை கோமதிநாயகம் கடித்துக்கொண்டிருந்த அதிரசத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டார். பின்னே? கல்யாணமான நாளிலிருந்து சித்திரைக் கொடைத் திருவிழாவுக்கு அந்தப் பரிவட்டம் அவர் தலையில்தான் ஏறிக்கொண்டிருந்தது. அம்மனுக்குச் சாத்திய பட்டைத் தலையில் கட்டி, ஊரே பார்க்க முதல் திருநீறு கொடுப்பார்கள். வருஷம் முழுக்கப் பம்பு மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் கடையில் கிரீஸ் கையோடு உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு அந்த ஒரு நாள்தான் ராஜா நாள். அதிலேயே கை வைத்தால் சும்மா இருப்பாரா?

விஷயம் இதுதான். மலையரசி அம்மன் முன்பு ஊருக்குப் பின்னால் நிற்கிற கூகைமலையில், ஒரு குகைக்குள் இருந்தாள். பாதை சரிந்து விழுந்ததும் அம்மனைப் பத்திரமாகக் கீழே கொண்டு வந்து கோயில் கட்டிவிட்டார்கள். வெண்கல மணி மட்டும் மேலேயே தங்கிவிட்டது. எடுக்கப் போனவர்கள் எல்லாரும் பாதி வழியிலேயே திரும்பினார்கள். ஒரே நாளில் ஏறி இறங்க முடியாத மலை அது. மேலே தங்கலாம் என்றால், சாயங்காலம் ஆனால் போதும், மழை கொட்டும். ஒதுங்க ஒரு கூரை கிடையாது. நனைந்து, நடுங்கி, காய்ச்சலோடு வந்து விழுவார்கள்.

“நான் போறேன் மாமா!” கோமதிநாயகம் துள்ளி எழுந்தார். “கடையில லாரித் தார்ப்பாய் கிடக்கு. கம்பு நட்டு இழுத்துக் கட்டினா யானை வந்து மோதினாலும் அசையாது!”

“தார்ப்பாயா? அது மூட்டை கனம் கனக்குமே அண்ணாச்சி!”

சொன்னது சின்ன மாப்பிள்ளை சேர்மராஜ். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணமாகி இது இரண்டாவது கொடை. அவன் உள்ளே போய் ஒரு சின்னப் பையைக் கொண்டு வந்தான். தலையணை உறையைச் சுருட்டி வைத்த மாதிரி இருந்தது. “இது மலையில தங்குறதுக்குன்னே செஞ்ச டென்ட். மூணு பேரு படுக்கலாம்.”

மாமியார் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். “ஆத்தாடி! முறுக்கு டப்பா கூட இதைவிடக் கனக்குமே!”

அவ்வளவுதான், வீடே முற்றத்துக்கு ஓடியது. சேர்மராஜ் பையிலிருந்து ஒரு கட்டுக் குழாய்த் துண்டுகளை எடுத்து உதறினான். உள்ளே ரப்பர் கயிறு ஓடுகிறது போல! துண்டுகள் சடசடவென்று தானாகவே ஒன்றுக்குள் ஒன்று போய்ச் செருகி நீளக் கம்பாகிவிட்டன. இரண்டு கம்பையும் குறுக்கும் நெடுக்குமாக வளைத்து நான்கு மூலையில் குத்தினான். கொசுவலைத் துணி எழுந்து நின்றது. அதற்கு மேல் ஆரஞ்சு நிற மழைத்துணியைப் போர்த்தினான். சின்னதாக ஒரு வீடு!

மாமா குனிந்து உள்ளே போய்க் கால் நீட்டிப் படுத்தேவிட்டார். “மாப்ள! உள்ள காத்து நல்லா வருதே!”

கோமதிநாயகத்துக்கு அடிவயிற்றில் அடுப்பைப் பற்றவைத்த மாதிரி இருந்தது. போன பொங்கலுக்கு அவர் தன் கையால் காயில் சுற்றி, பெயின்ட் அடித்து, ஒரு மேசை ஃபேன் கொண்டு வந்து கொடுத்தாரே! அப்போது மாமா “அங்கன வைங்க மாப்ள” என்று சொன்னதோடு சரி. காற்று நன்றாக வருகிறது என்று ஒரு வார்த்தை சொன்னாரா? இப்போது துணிக்குள் படுத்துக்கொண்டு காற்று வருகிறதாம், காற்று!

பக்கத்தில் நின்ற மனைவி உலகம்மாள் அவர் காதோரம் வந்தாள். “ஏங்க, இப்படி முழிச்சுப் பாக்காதீங்க. துணி பத்திக்கிடப் போவுது.”

“நான் எங்க பாத்தேன்? எனக்கென்ன?”

“உங்க வயித்தெரிச்சல் வாடை அடுப்படி வரைக்கும் அடிக்குது. நானும் வாரேன் மலைக்கு. நீங்க ரெண்டு பேரும் தனியா போனா ஒரு ஆளுதான் திரும்பி வருவீங்க.”

வனத்துறையில் மாமா அனுமதி வாங்கி வைத்திருந்தார். சேர்மராஜின் மனைவி இந்துமதி மாசமாக இருந்ததால் வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாள். மறுநாள் விடிந்ததும் மூவரும் கிளம்பிவிட்டார்கள்.

ஏற்றம் என்றால் ஏற்றம், அப்படி ஓர் ஏற்றம்! முதலில் புல்மேடு, அப்புறம் மூங்கில் காடு, அப்புறம் கையை ஊன்றி ஏறுகிற பாறை. சேர்மராஜ் தன் பையை முதுகில் மாட்டிக்கொண்டு வெள்ளாட்டுக் குட்டி மாதிரி தாவிப் போனான். உலகம்மாள் சோற்றுப் பொட்டலமும் பூஜைப் பையும் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் போனாள். கடைசியில், தார்ப்பாய்ச் சுருளும் வடக்கயிறும் கடப்பாரையுமாக, வேர்த்து விறுவிறுத்து கோமதிநாயகம்!

“அண்ணாச்சி, தார்ப்பாயைக் கொஞ்ச நேரம் நான் தூக்கட்டுமா?”

“வேண்டாம் சகல. நீரு உம்ம பூஞ்சைத் துணியத் தூக்கும். சிலந்தி வலையில படுத்து வளந்த உடம்பில்ல நாங்க!”

“மூச்சு வாங்குதே அண்ணாச்சி.”

“மலைக்காத்த நல்லா இழுத்து விடுதேன் வே. உடம்புக்கு நல்லது!”

உலகம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தது தெரியக் கூடாதாம். தோள்பட்டை முறிகிற வலியிலும் கோமதிநாயகம் அதைப் பார்த்துவிட்டார். கட்டின பெண்டாட்டியே சிரிக்கிறாளே என்று உள்ளுக்குள் குமைந்தார்.

பொழுது சாய்வதற்கு ரொம்ப முன்னாலேயே ஓர் ஓடையருகில் வந்து சேர்ந்தார்கள். பார்த்ததும் கோமதிநாயகத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஓடையை ஒட்டிச் சமமாக, மெத்து மெத்தென்று மணல்! கல் இல்லை, முள் இல்லை. கூப்பிடு தூரத்தில் தண்ணீர். தடாலென்று சுருளை இறக்கினார். “இந்த இடம் எனக்கு! யாரும் வரப்படாது!”

சேர்மராஜ் மணலைப் பார்த்தான். ஓரத்துப் புதர்களில் சருகும் குச்சியும் சிக்கித் தொங்குவதைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அப்புறம் என்ன நினைத்தானோ, மூடிக்கொண்டு மேட்டுப் பக்கம் ஏறிப் போய்விட்டான்.

மேட்டில் அவன் செய்த அலப்பறை இருக்கிறதே! முதலில் அண்ணாந்து பார்த்தான். காய்ந்த கிளை எதுவும் தலைக்கு மேலே தொங்குகிறதா என்று பார்க்கிறானாம். தரையில் மல்லாந்து படுத்துப் புரண்டான். முதுகில் குத்திய கல்லையெல்லாம் பொறுக்கி எறிந்தான். கீழ்விரிப்பைப் போட்டு, டென்டுக்கு வெளியே ஒரு விரல் கூட நீட்டிக்கொண்டிராமல் ஓரத்தை உள்ளே மடித்துச் செருகினான்.

“அது எதுக்குத் தம்பி?” என்று உலகம்மாள் கேட்டாள்.

“விரிப்பு வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா மழைத்தண்ணி அதுல விழுந்து நேரா நம்ம முதுகுக்கு வந்துரும் மைனி.”

வாசலைக் காற்று வராத பக்கம் திருப்பினான். முளைகளை நேராக அடிக்காமல், தலை வெளிப்பக்கம் சாய்கிற மாதிரி சரித்து அடித்தான். நான்கு பக்கமும் கயிற்றை இழுத்துக் கட்டி, விரலால் சுண்டிப் பார்த்தான். மழைத்துணி உள்துணியில் எங்கேயும் ஒட்டாமல் விறைப்பாக நின்றது. உலகம்மாள் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே கோமதிநாயகம் தார்ப்பாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு மூலையைக் கட்டினால் இன்னொரு மூலை அவிழ்ந்தது. எப்படியோ நான்கு மூங்கில் வெட்டி நட்டு நிமிர்ந்தபோது, மேலே ஆரஞ்சுக் கூடாரம் சாயங்கால வெயிலில் பழுத்த பழமாக மினுங்கியது.

என்ன அழகு! என்ன எடுப்பு! எவ்வளவு சின்னதாக மடங்கியது! நமக்கு ஏன் இப்படி ஒன்று தோன்றவில்லை? அவர் வைத்த கண் வாங்காமல் பார்த்தார். வயிறு எரிய எரியப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவருக்குத் திடீரென்று ‘சொரேர்’ என்றது.

ஐயையோ! இப்படிப் பார்த்தால் கண் பட்டுவிடுமே!

அவர் கண் பொல்லாத கண் என்பது குடும்பத்துக்கே தெரியும். எதிர்வீட்டு முருங்கையைப் பார்த்து “என்ன காய்ப்பு!” என்றார், மறுவாரம் மரம் முறிந்தது. இப்போது இந்தக் கூடாரம் கிழிந்து தொலைந்தால் பழி யார் மேல் விழும்? போதாக்குறைக்கு புதுச் சாமானுக்கு ஒரு பொட்டு வைக்கவில்லை, சூடம் காட்டவில்லை. புது மோட்டார் வந்தால்கூடச் சூடம் காட்டாமல் சுவிட்ச் போட மாட்டார் அவர்.

சேர்மராஜும் உலகம்மாளும் தண்ணீர் மொள்ளப் போன நேரம் பார்த்து மேட்டுக்கு ஏறினார். பூஜைப் பையிலிருந்து வெற்றிலை ஒன்று, சூடம் இரண்டு கட்டி. ஏற்றினார். கூடாரத்தைச் சுற்றி வந்தார். “என் கண்ணு, ஊர்க் கண்ணு, எல்லாம் போவட்டும்...”

மூன்றாவது சுற்றில் ஒரு காற்று வந்தது. எரிகிற கட்டி வெற்றிலையை விட்டு உருண்டு மழைத்துணி மேல் விழுந்தது. பதறிப்போய்ச் சுண்டிவிட்டார். கண்ணிமைக்கிற நேரம்தான். அதற்குள் துணி சுருங்கி, கருகி, ஓர் ஓட்டை. மிளகு அளவுக்கு.

போச்சு, எல்லாம் போச்சு! திருஷ்டி கழிக்கப் போய்த் திருஷ்டியைத் தானே செய்துவிட்டாரே! அடப்பாவமே என்று தலையில் கை வைத்தார். அந்தப் பதற்றத்துக்குள்ளேயே, ஓர் ஓரத்தில், லேசாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது பாருங்கள். ‘ஆடுனயே, இப்ப ஆடு!’ இந்த மனசு இருக்கிறதே, அதை எந்தச் சோப்புப் போட்டுக் கழுவுவது? சாம்பலை ஊதிவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி கீழே வந்து உட்கார்ந்துகொண்டார்.

இருட்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்க்குள் உட்கார்ந்த கோமதிநாயகம் மேட்டிலிருந்த பெண்டாட்டிக்குக் கேட்கப் பாட்டே பாடினார். “பாத்தியா! ஒரு சொட்டு ஒழுகுதா?” ஒழுகவில்லைதான். மேலேயிருந்து ஒழுகவில்லை. ஆனால் மலை உச்சியில் பெய்த மழையெல்லாம் எங்கே போகும்? ஓடை உறுமியது. காலடியில் ஏதோ குளிர்ந்தது. குனிந்து பார்ப்பதற்குள் மணல் முழுக்கச் செம்மண் தண்ணீர்! செருப்பு மிதந்தது. சோற்றுப் பொட்டலம் மிதந்தது. நட்ட மூங்கில் ஒவ்வொன்றாகச் சாய்ந்தது.

“ஏங்க! மேல வாங்க! எல்லாத்தையும் விட்டுட்டு வாங்க!” மேட்டிலிருந்து உலகம்மாள் அலறினாள்.

சேர்மராஜ் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தான். இன்னொரு கையில் அவர் தார்ப்பாயை விடவில்லை. இருவரும் தொப்பலாக நனைந்து கூடாரத்துக்குள் போய் விழுந்தார்கள்.

உள்ளே காய்ந்திருந்தது. கதகதப்பாக இருந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை! உள்ளேயே அடுப்பு மூட்டிக் காப்பி போடலாம் என்றார். டென்டுக்குள் தீ ஆகவே ஆகாது, துணி பொசுங்கிவிடும் என்றான் சேர்மராஜ். ‘பொசுங்கும்’ என்றதுமே கோமதிநாயகம் பேச்சை மாற்றினார். குளிருகிறதே, ஜிப்பை முழுக்க மூடு என்றார். மேலே கொஞ்சம் திறந்திருந்தால்தான் நம் மூச்சுக்காற்று வெளியே போகும், இல்லையென்றால் அதுவே துணியில் படிந்து நம் மேல் சொட்டும் என்றான்.

‘டக்.’

கோமதிநாயகத்தின் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது.

“என்ன அண்ணாச்சி, திடுக்குன்னீங்க?”

“ஒண்ணுமில்ல வே. கொட்டாவி.”

மிளகு ஓட்டை நேராக அவர் தலைக்கு மேலேயே இருந்தது. ஒரு பக்கம் சேர்மராஜ், ஒரு பக்கம் உலகம்மாள். நகரவும் முடியாது, சொல்லவும் முடியாது. மழை விடும் வரைக்கும் மனுஷன் நெற்றியில் உள்ளங்கையைக் குழித்து வைத்துக்கொண்டே படுத்துக் கிடந்தார்.

விடிந்தபோது வானம் துடைத்து வைத்தது போல் இருந்தது. குகை இன்னும் கொஞ்ச தூரம்தான். ஆனால் சேர்மராஜ் கிளம்புகிற வழியாக இல்லை! மழைத்துணியைக் கழற்றிப் பாறை மேல் விரித்தான். ஈரத்துணியால் சேற்றை ஒற்றி ஒற்றி எடுத்தான். முளைகளைக் கழுவினான். ஜிப்பின் பல்லில் சிக்கிய மணலைப் பழைய பல்துலக்கியால் தட்டினான்.

“பச்சப் புள்ளையைக் குளிப்பாட்டுத மாதிரில்ல குளிப்பாட்டுதீரு!” என்றார் கோமதிநாயகம். “சுருட்டிப் பைக்குள்ள திணிச்சுட்டு வாரும் வே!”

“ஈரத்தோட சுருட்டினா பூஞ்சை பிடிச்சுரும் அண்ணாச்சி. நாத்தம் போவவே போவாது. மேல பூசியிருக்க பூச்சும் உரிஞ்சுரும். அப்புறம் மழை நேரா உள்ளதான். வெயிலு ஏறட்டும், காஞ்சதும் போவோம்.”

காஞ்சதும் போவோமா? கோமதிநாயகத்தின் மூளைக்குள் பளிச்சென்று ஒரு பல்பு எரிந்தது. இவன் துணி காயப்போட்டுக்கொண்டு இங்கேயே கிடக்கட்டும்! நாம் போய் மணியோடு வந்து இவன் முன்னால் நின்றால்? “காலாற நடந்துட்டு வாரேன்” என்று உலகம்மாளிடம் சொல்லிவிட்டு, வெள்ளம் விட்டுவைத்த கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நழுவினார்.

ஓட்டம் என்று சொல்ல முடியாது, நடை என்றும் சொல்ல முடியாது. தலையில் பரிவட்டம் ஏறிவிட்ட மாதிரியே போனார். மாமா கட்டுகிறார், மேளம் முழங்குகிறது, சகலை ஓர் ஓரமாக நிற்கிறான், ஆகா! பாதை ஒரு பாறை விளிம்பில் போய் முடிந்தது. அகலமான திண்டு மாதிரி ஒரு பாறை, ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் பள்ளம். அந்தக் கோடியில், கொடி மூடிய கருத்த வாய்! குகை! உள்ளே மங்கலாக ஏதோ தொங்குவது கூடத் தெரிந்தது.

“மணி! எம் மணி!” கத்திக்கொண்டே பாய்ந்தார். பாசி மேல் கால் போனது. சறுக்! கடப்பாரை ஒரு பக்கம் பறந்து பள்ளத்தில் விழுந்து கணகணவென்று ஒலித்தது. அவர் விளிம்புக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் கிடந்தார். எழுந்து நிற்கப் பார்த்தார். கணுக்காலில் உயிர் போனது.

குகை கண்ணுக்கு எதிரே இருக்கிறது. எட்டத்தான் முடியவில்லை. அதற்குள் மலையைச் சுற்றி மேகம் வந்து அடைத்துக்கொண்டது. காற்று ஊளையிட்டது. பகலிலேயே மழை! கல் கல்லாக அடித்தது. ஒதுங்க ஒரு பொந்து கூட இல்லை. பல் தந்தியடித்தது. விரல் விறைத்தது. சத்தம் போட்டால் மேட்டுக்குக் கேட்கும். ஆனால் யாரைக் கூப்பிடுவது? அவனையா? அவனைக் கூப்பிடுவதற்கு இங்கேயே கிடந்து சாகலாம் என்று முதலில் நினைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அப்படி நினைக்கவில்லை.

“சகல! சேர்மராசு! எய்யா, ஓடி வாய்யா!”

ஆரஞ்சு நிறம் ஒன்று மழைக்குள் அசைந்து வந்தது, மழைத்துணியைப் போர்த்திக்கொண்டு சேர்மராஜும் உலகம்மாளும்! சேர்மராஜ் பையை இறக்கி, ஒரு கேள்வி கூடக் கேட்காமல் வேலையைத் தொடங்கினான். பாறையில் முளை எங்கே இறங்கும்? “மைனி, பெரிய கல்லா உருட்டுங்க!” கயிறுகளைக் கல்லில் சுற்றி, அதன் மேல் இன்னொரு கல்லை ஏற்றினான். கம்பை உதறி வளைத்தான். காற்று ஒரு தடவை கூடாரத்தை அப்படியே தூக்கியது. இருவரும் அதன் மேல் விழுந்து அமுக்கினார்கள். நின்றுவிட்டது! கோமதிநாயகத்தை இழுத்து உள்ளே போட்டு, ஈரச் சட்டையைக் கழற்றி, தங்கள் போர்வையைச் சுற்றி, காலில் துணிக்கட்டும் போட்டார்கள். காற்றடிக்கிற பக்கம் சேர்மராஜ் முதுகைக் கொடுத்து முட்டுக்கொடுத்து உட்கார்ந்துகொண்டான்.

மெல்ல உயிர் வந்தது. கோமதிநாயகம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, நெற்றியில் உள்ளங்கையைக் குழித்து வைத்தார். இப்போது விழும். டக்கென்று விழும்.

விழவில்லை.

ரொம்ப நேரம் ஆகியும் விழவில்லை. பைய ஒரு கண்ணைத் திறந்து மேலே பார்த்தார். உள்துணிக்கு அப்பால், மழைத்துணியில் வட்டமாக ஓர் ஒட்டு தெரிந்தது. முனை மடங்காமல், நகத்தால் தேய்த்து ஒட்டின ஒட்டு.

“எப்ப ஒட்டினே?” குரல் அவருக்கே கேட்கவில்லை.

“காலையில வெயில்ல பிடிச்சுப் பாத்தப்பவே தெரிஞ்சுது அண்ணாச்சி. காஞ்ச பிறவுதான் ஒட்டணும், இல்லைன்னா பிடிக்காது. அதான் லேட்டு.”

“சூடத்துல ரெண்டு கட்டி குறையுது,” என்றாள் உலகம்மாள், அவரைப் பார்க்காமல்.

கோமதிநாயகம் உடைந்துபோனார். “கெடுக்கணும்னு செய்யலய்யா. அம்மன் சத்தியமா! எங் கண்ணு பட்டுருமேன்னுதான் சூடம் காட்டினேன். அம்புட்டுப் பொறாமையா இருந்துச்சு வே உம்ம மேல. ஓட்டை விழுந்ததும்... கொஞ்சம் சந்தோசமும் பட்டேன். தெரிஞ்சும் ஏன்யா வந்தே?”

சேர்மராஜ் தலையைக் குனிந்துகொண்டான். “நான் மட்டும் என்ன யோக்கியம்? நேத்து நீங்க தார்ப்பாய் கட்டுன இடம் ஓடைப் படுகை. தண்ணி வந்துபோன தடம் புதர்ல தொங்குச்சு. பாத்ததும் தெரிஞ்சுது. சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லல.”

“ஏன் வே?”

“எங் கல்யாணத்துல என்னையா பாத்தாங்க? ‘மூத்த மாப்ள மாதிரி வருமா, மூத்த மாப்ள கை வச்சா செத்த மோட்டாரும் ஓடும்’னு தாலி கட்டுற நேரத்துலயும் உங்க பேச்சுத்தான். இந்துமதி கூட ஃபேன் சுத்தலன்னா ‘அத்தான் இருந்தா இந்நேரம் ஓடும்’ங்கா. அதான் கடை கடையா அலைஞ்சு இந்த டென்டை வாங்கினேன். ஒரு தடவையாவது நீங்க என்னைப் பாத்து வாயைப் பிளக்கணும்னு.”

மழை கூடாரத்தைப் போட்டு அடித்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நெகிழ்ந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. மழை லேசாக விட்டதும் சேர்மராஜ், “சரி அண்ணாச்சி, நீங்க படுத்திருங்க, நான் போயி மணியை எடுத்துட்டு வந்துருதேன்” என்றான். கோமதிநாயகம் சட்டென்று அவன் காலைப் பிடித்துக்கொண்டார்.

“எங்க போறீரு? இருந்த இடத்துல இரும்!”

“உங்களால நடக்க முடியாதுல்லா?”

“தவந்து போவேன்! மணி எனக்கு!”

“நான்தானே உங்களைக் காப்பாத்தினேன்?”

“அதுக்கு நன்றி வே! காலுல விழச் சொல்லும், விழுதேன். பரிவட்டத்தைக் கேக்காதீரும்!”

“காலை விடுங்க அண்ணாச்சி, டென்டு கிழிஞ்சுரும்!”

அவன் இழுக்க, இவர் பிடிக்க, கூடாரம் அப்படியும் இப்படியும் ஆடியது. அப்போதுதான் கேட்டது அந்தச் சத்தம்.

ண்ண்ணங்ங்!

மலையே ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. மறுபடியும், ண்ண்ணங்ங்! இருவரும் அப்படியே உறைந்தார்கள். அப்புறம்தான் கவனித்தார்கள். கூடாரத்துக்குள் இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

ஜிப்பைத் திறந்து இரண்டு தலைகளும் ஒன்றாக வெளியே எட்டின. அங்கே, குகையின் குறுகலான வாயிலிருந்து பக்கவாட்டில் நுழைந்து வெளியே வந்துகொண்டிருந்தாள் உலகம்மாள். முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள். தலையெல்லாம் ஒட்டடை. இட்லிக் கொப்பரை அளவுக்குப் பச்சைக் களிம்பேறிய வெண்கல மணி, தண்ணீர்க்குடம் மாதிரி அவள் இடுப்பில் ஒய்யாரமாக உட்கார்ந்திருந்தது. பாசியில் கால் விரலை அழுந்த ஊன்றி, அலுங்காமல் நடந்து வந்தாள்.

“உங்க பஞ்சாயத்து முடிஞ்சுதா? முடிஞ்சா கிளம்புங்க. கொடைக்கு மாவு இடிக்கணும், அம்புட்டு வேலை கிடக்கு.”

இறங்கும்போது தார்ப்பாய்க்கு யோகம் அடித்தது. அந்த இலேசுத் துணியில் மணியைக் கட்டினால் பிய்ந்துவிடும். தார்ப்பாயில் பொதிந்து, மூங்கில் கம்பில் தொங்கவிட்டு, முன்னால் சேர்மராஜும் பின்னால் உலகம்மாளும் தோள் கொடுத்தார்கள். “பாத்தீரா, எந் தார்ப்பாய்!” என்று ஊன்றுகோலோடு நொண்டிக்கொண்டே வழி நெடுகச் சொல்லி வந்தார் கோமதிநாயகம். “பாத்தேன் அண்ணாச்சி, யானை வந்து மோதினாலும் அசையாது” என்றான் சேர்மராஜ். ஊர் எல்லையில் மேளம் காத்திருந்தது. வெடி வெடித்தார்கள். குலவைச் சத்தம் மலையில் போய் முட்டியது.

கொடை அன்று அம்மன் முன்னால் இரண்டு மாப்பிள்ளைகளும் தலையைச் சீவிக்கொண்டு, தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். மாமா பட்டை எடுத்தார். மூத்த மாப்பிள்ளையைத் தாண்டினார். சின்ன மாப்பிள்ளையையும் தாண்டினார். மகள் உலகம்மாள் முன்னால் போய் நின்றார்.

கூட்டத்தில் சலசலப்பு. “பொம்பளைக்குப் பரிவட்டமா? வழக்கம் இல்லையே!”

“கொண்டு வாரவங்க தலையிலன்னு சொன்னேன். ஆம்பளை தலையிலன்னு எப்ப சொன்னேன்? குகைக்குள்ளேருந்து மணியை இடுப்புல வச்சுக் கொண்டு வந்தவ எம் மவ!” மாமா பட்டைச் சுற்றிக் கட்டினார். உலகம்மாள் நிமிர்ந்து நின்று, தலையை ஒரு தடவை கூட ஆட்டாமல் முதல் திருநீறு வாங்கினாள். புதுசாகப் புளி போட்டுத் தேய்த்த மணி ஊர் முழுக்க முழங்கியது.

மறுநாள் காலையில் மொட்டைமாடியில் மறுபடி கழுவிப் போட்ட கூடாரம் நிழலில் காய்ந்துகொண்டிருந்தது. கோமதிநாயகம் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்து, கம்பை மடித்துக்கொண்டிருந்தார்.

“நுனியிலேருந்து மடிக்காதீங்க அண்ணாச்சி. நடுவுல மடிச்சு ரெண்டு பக்கமும் வாங்க. உள்ள ரப்பர் கயிறு ஒரே பக்கமா இழுபடக் கூடாது.”

“சரி வே.” அவர் திருத்திக்கொண்டார். “நீரு சொன்னது நெசந்தான். ஈரத்தோட சுருட்டி உள்ள வச்சா நாறித்தான் போவுது. நான் ரெண்டு வருசமா உம்ம மேல உள்ள எரிச்சலை அப்படித்தான் சுருட்டி வச்சிருந்தேன்.”

“நானும்தான் அண்ணாச்சி.”

கீழே முற்றத்தில் உலகம்மாள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். கொடை முடிந்தும் தலையிலிருந்து பரிவட்டத்தை அவிழ்க்கவில்லை. போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று கும்பிட்டுப் போனார்கள். இரண்டு சகலைகளும் கைப்பிடிச் சுவர் மேல் மோவாயை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணாச்சி, வயிறு எரியுதா?”

“லேசா. உமக்கு?”

“எனக்கும்.”

“அப்போ அங்கன பாக்காதீரும் வே,” என்று கோமதிநாயகம் அவன் கண்ணைக் கையால் பொத்தினார். “என் கண்ணையும் பொத்தும். இன்னொரு தடவை சூடம் கொளுத்த என்னால ஆவாது!”